நரம்பு டெஸ்டுக்குக் கையை நீட்டும் முன்

2022 ஐப்பசியில் பள்ளிக்கூட வராந்தாவில் வழுக்கி விழுந்தேன். மழைச்சாரல் அடித்து நனைந்திருந்த சிமெண்ட் தரை. விழும்போது வலது கையை ஊன்றியதில் மணிக்கட்டை ஒட்டி எலும்பு முறிந்துவிட்டது. ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தோம். எக்ஸ்ரேயில் எலும்பு அழகாகக் கூடியிருந்தது. ஆனால் கட்டுக்குள்ளிருந்து வெளியே வந்த கை என் கையாக இல்லை.

வீங்கிப்போய், தோல் பளபளவென்று இருந்தது. ஒரு நேரம் சிவந்து கொதிக்கும். ஒரு நேரம் நீலம் பாரித்து ஐஸ் போல ஆகிவிடும். அந்தக் கை மட்டும் வேர்க்கும். சேலை முந்தானை உரசினால் சூட்டுக்கோலால் இழுத்தது போல எரியும். மின்விசிறிக் காற்றுகூடப் பொறுக்காது. இந்த எரிச்சலுக்கு நடுவே இன்னொரு தொல்லையும் இருந்தது: ராத்திரி இரண்டு மணிக்கு கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப்போய் எழுப்பிவிடும். எழுந்து உட்கார்ந்து கையை உதறவும் முடியாது. உதறினால் எரிச்சல் கிளம்பும்.

இவை இரண்டும் ஒரே நோயா, இரண்டு நோயா என்பது அப்போது எனக்குத் தெரியாது. பின்னால் நான் பட்டதெல்லாம் இந்த ஒரு கேள்வியை யாரும் தெளிவாகக் கேட்காததால் வந்ததுதான். நானும் கேட்கவில்லை.

2023 பிப்ரவரியில் முதல் நரம்பு டெஸ்ட். 'என்.சி.எஸ்., ஈ.எம்.ஜி.' என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். முதலாவது நரம்பின் வேகத்தைப் பார்ப்பது, இரண்டாவது சதையில் ஊசி வைத்துப் பார்ப்பது. கரண்ட் வைத்துப் பார்ப்பார்கள், பத்து நிமிடம் ஆகும், ஒன்றும் பயமில்லை என்றார்கள். எந்த ஊர், எந்த இடம் என்று சொல்ல விரும்பவில்லை. அங்கே வேலை செய்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. வாசலில் முப்பது பேர் காத்திருந்தார்கள், அவ்வளவுதான். ஏசி போட்ட அறை. உள்ளே போன இரண்டாவது நிமிடமே கை ஜில்லிட்டு ஊதா நிறமானது. அதை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. 'நாலு கை கால்' என்ற கணக்கில் டெஸ்ட் தொடங்கியது. என் பிரச்சினை ஒரு மணிக்கட்டில். ஆனால் இரண்டு கை, இரண்டு கால் எல்லாவற்றுக்கும் கரண்ட். கால்களிலும் இடது கையிலும் தாங்கிக்கொள்ளக்கூடியதாகத்தான் இருந்தது. ஈரக்கையோடு பழைய மிக்ஸி ஸ்விட்சைத் தொட்டால் வரும் சுருக்கு, அவ்வளவுதான். இதை நான் நேர்மையாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறையப் பேருக்கு இந்த டெஸ்ட் அவ்வளவோடு முடிந்துவிடும். என் வலது கையில் அப்படி இல்லை. ஒவ்வொரு அதிர்வும் தோள்பட்டை வரை வெட்டி இழுத்தது. அப்புறம் கட்டைவிரல் மேட்டில் ஊசி. "கொஞ்சம் விரலை அழுத்துங்கம்மா" என்றார்கள். நான் அழுதுகொண்டே அழுத்தினேன். நிறுத்தச் சொல்லலாம் என்பதுகூட எனக்குத் தோன்றவில்லை.

அன்று இரவு தொடங்கிய எரிச்சல் மூன்று வாரம் அடங்கவில்லை. முழங்கை வரை வீக்கம் ஏறியது. பத்தாம் வகுப்பு மாதிரித் தேர்வுத் தாள்கள் மேசையில் கிடந்தன; என் மகள்தான் நான் சொல்லச் சொல்ல மதிப்பெண் எழுதினாள். அத்தை ராத்திரியெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து ஈரத்துணியைப் பிழிந்து பிழிந்து கொடுத்தார். 1860களில் அமெரிக்க உள்நாட்டுப் போரில் நரம்பில் குண்டடி பட்ட வீரர்களைக் கவனித்த சைலஸ் வெய்ர் மிட்செல் என்ற மருத்துவர், அவர்கள் எரியும் கையை எப்போதும் ஈரத்துணியில் சுற்றியே வைத்திருந்ததாக எழுதியிருக்கிறார். இதைப் பின்னாளில் படித்தபோது அழுகை வந்துவிட்டது. என் அத்தைக்கு அது யாரும் சொல்லாமலே தெரிந்திருந்தது.

இத்தனை பட்டு வந்த ரிப்போர்ட்டில் என்ன இருந்தது? வலது கையில் பார்த்த எல்லா நரம்பிலும் வேகம் குறைவு, கழுத்து, தோள் நரம்புக் கொத்தில் பாதிப்பு இருக்கலாம், எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கவும். எடுத்தோம். கழுத்தில் ஒன்றும் இல்லை.

மார்ச் கடைசியில் மதுரையில் வலிச் சிகிச்சை பார்க்கும் ஒரு டாக்டரிடம் போனோம். அவர் என் கையைத் தொடுவதற்கு முன் "தொடலாமா டீச்சர்?" என்று கேட்டார். ஐந்து மாதத்தில் அப்படிக் கேட்ட முதல் ஆள் அவர்தான். அவர்தான் இதற்கு சி.ஆர்.பி.எஸ். என்று பெயர் சொன்னார். காம்ப்ளெக்ஸ் ரீஜனல் பெயின் சிண்ட்ரோம். அடிபட்ட அளவுக்குப் பொருந்தாத வலி ஒரு கையிலோ காலிலோ தங்கிவிடுவது. மணிக்கட்டு முறிவுக்குப் பிறகு வருவது ஒன்றும் அபூர்வம் இல்லை என்றார்.

பிறகு அந்த ரிப்போர்ட்டை எடுத்து நிதானமாகப் பார்த்தார். "அன்னைக்கு உங்க கை ஜில்லுன்னு இருந்துச்சா?" என்றார்.

"ஊதாவா இருந்துச்சு சார்."

அவர் எனக்கு விளக்கியதை என் வார்த்தையில் சொல்கிறேன். என்.சி.எஸ். டெஸ்டில் நரம்பின் ஒரு முனையில் மின்துடிப்பு கொடுத்து, இன்னொரு இடத்தில் அது வந்து சேர எவ்வளவு நேரமாகிறது, வந்து சேரும் அலை எவ்வளவு உயரம் என்று பார்க்கிறார்கள். கையில் இருக்கும் பெரிய நரம்புகள் பொதுவாக நொடிக்கு 50 மீட்டருக்கு மேல் செய்தி கடத்தும். கை குளிர்ந்திருந்தால் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 2 மீட்டர் குறையும். அதனால்தான் கையின் தோல் குறைந்தது 32 டிகிரியாவது இருக்க வேண்டும் என்பது இந்த டெஸ்டின் அடிப்படை விதி. என் ரிப்போர்ட்டில் வேகம் மட்டும் எல்லா நரம்பிலும் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்திருந்தது; அலையின் உயரம் குறையவே இல்லை. கழுத்துப் பக்கம் நரம்பு உண்மையிலேயே அறுபட்டோ நசுங்கியோ இருந்தால் உயரம்தான் முதலில் விழுந்திருக்கும். "இது நோய் இல்ல டீச்சர், ஏசி" என்றார். கை எத்தனை டிகிரியில் இருந்தது என்று அந்தத் தாளில் ஓர் இடத்திலும் எழுதவில்லை.

அதாவது, மூன்று வாரம் நான் பட்ட வலிக்குக் கிடைத்தது தப்பான பதில். அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில், இனி யார் சொன்னாலும் கையில் கரண்ட் வைக்க விடமாட்டேன் என்று என் கணவரிடம் சொன்னேன். அவரும் சரி என்றார்.

ஆனால் கேள்வி அதோடு முடியவில்லை. ராத்திரி மரத்துப்போவது அப்படியே இருந்தது. அந்த டாக்டர் இரண்டையும் பிரித்துப் பார்த்தார். எரிச்சல், வீக்கம், நிறமாற்றம், வேர்வை எல்லாம் சி.ஆர்.பி.எஸ். அதைக் கண்டுபிடிக்க நரம்பு டெஸ்ட் தேவையே இல்லை. அதற்கென்று 'புடாபெஸ்ட் அளவுகோல்' என்று ஒன்று இருக்கிறது; 2003இல் அந்த நகரத்தில் கூடிப் பேசி வகுத்தது. தொட்டால் கூசும் உணர்வு ஒரு வகை, நிறமும் சூடும் மாறுவது ஒரு வகை, வேர்வையும் வீக்கமும் ஒரு வகை, அசைவு குறைவதும் நகம், முடி, தோல் மாறுவதும் ஒரு வகை. இந்த நான்கில் மூன்றிலாவது நோயாளி சொல்லும் தொந்தரவு இருக்க வேண்டும். இரண்டையாவது டாக்டர் தன் கண்ணால் பார்க்க வேண்டும். வேறு எந்த நோயும் அதை விளக்கக் கூடாது. எனக்கு நான்கும் இருந்தன. கண்ணும் கையும் போதும், மெஷின் வேண்டாம்.

மூன்று விரல் மரத்துப்போவது வேறு கதை. மணிக்கட்டு வழியாகப் போகும் மீடியன் நரம்பு அழுந்தினால் சரியாக அந்த மூன்று விரலும், மோதிர விரலில் பாதியும்தான் மரக்கும். எலும்பு முறிவு, வீக்கம் எல்லாம் சேர்ந்து அந்தக் குறுகிய பாதையை இன்னும் குறுக்கிவிடலாம். அழுத்தம் நீடித்தால் கட்டைவிரல் மேட்டுச் சதை சூம்பிப் போகும். ரொம்ப நாள் விட்டால் அது முழுசாகத் திரும்பாது. அழுந்திய நரம்பே சி.ஆர்.பி.எஸ். வலிக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டும் இருக்கலாம். அழுத்தம் உறுதி என்றால் சின்ன ஆபரேஷன் செய்து பாதையைத் திறந்துவிடலாம். உறுதி இல்லை என்றால் கத்தியை அந்தப் பக்கமே கொண்டு போகக் கூடாது, ஏனென்றால் சி.ஆர்.பி.எஸ். கையில் ஆபரேஷன் செய்தாலே வலி தூண்டப்படலாம்.

இங்கேதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. டெஸ்ட் செய்யலாமா கூடாதா என்று யோசித்துக்கொண்டே இருந்தால் பயம்தான் பதில் சொல்லும். 'இந்த டெஸ்டில் இப்படி வந்தால் என்ன செய்வோம், அப்படி வந்தால் என்ன செய்வோம்?' என்று கேட்டபோது பாதை இரண்டாகப் பிரிந்தது எனக்குக் கண்ணெதிரே தெரிந்தது. முதல் டெஸ்டில் இந்தக் கேள்வியே இல்லை. என்னவோ பார்ப்போம் என்று நாலு கை காலிலும் தேடினார்கள். இரண்டு பதிலுக்கும் ஒரே சிகிச்சைதான் என்று டாக்டர் சொல்லியிருந்தால் நான் மறுத்திருப்பேன். மறுத்ததற்காக வருத்தமும் பட்டிருக்க மாட்டேன்.

அப்படியும் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. வலி குறைவான வழி வேறு இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. அல்ட்ராசவுண்ட் வைத்து அந்த நரம்பின் குறுக்களவைப் பார்க்கலாம். அழுந்திய நரம்பு, அழுத்தத்துக்கு மேல்பக்கம் வீங்கியிருக்கும். சுமார் 10 சதுர மி.மீ.க்கு மேல் போனால் சந்தேகப்படுவார்கள். ஏப்ரலில் பார்த்தோம். ஜெல்லை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்துச் சூடாக்கித் தடவச் சொன்னேன், சிரிக்காமல் செய்தார்கள். வலது 13, இடது 8. எனக்கு அதுவே போதும் என்று தோன்றியது. கை சர்ஜனுக்குப் போதவில்லை. முறிவுக்குப் பிறகு சுற்றிலும் வீக்கம் இருக்கும் கையில் படம் மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது, நரம்பு எவ்வளவு தூரம் வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் இந்தக் கையில் கத்தி வைக்கத் துணிவேன் என்றார். அந்தப் பதிலில் இருந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

நானும் கணவரும் ஒரு நோட்டை எடுத்து இரண்டு பக்கமும் எழுதினோம். ஒரு பக்கம்: மறுபடி மூன்று வாரம் எரிச்சல் வரலாம், ஒருவேளை நிரந்தரமாகவே ஒரு படி கூடிவிடுமோ என்ற பயம். இன்னொரு பக்கம்: கட்டைவிரல் சதை சூம்பினால் சாக்பீஸ் பிடிக்க முடியாது, ஊக்கு மாட்ட முடியாது. வலிக்குப் பயந்து ஒதுங்குவதற்கும் ஒரு விலை உண்டு என்பதை அந்த நோட்டில்தான் முதலில் பார்த்தேன். டெஸ்டின் வலி அந்த அரைமணி நேரத்தோடு போகாது, பின்னால் வரும் வாரங்களையும் சேர்த்து எண்ண வேண்டும். அதே மாதிரி டெஸ்ட் வேண்டாம் என்பதன் பலனும் அன்றைக்கே தெரியாது, ஆறு மாதம் கழித்துச் சதையில் தெரியும்.

முடிவு செய்தபின் தேதியை நானே கேட்டு வாங்கினேன். முழு ஆண்டுத் தேர்வும் திருத்தும் பணியும் முடிந்து, மே முதல் வாரம். பின்னால் வலி கிளம்பினாலும் கிடந்து எழ ஒரு மாதம் கையில் இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. வலி டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு, வலி கூடினால் எந்த மாத்திரையை எவ்வளவு கூட்டலாம், எத்தனை நாள் பார்க்கலாம், எப்போது ஓடி வர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டேன். அப்போது தினமும் ராத்திரி பிரிகாபலின் என்ற நரம்பு வலி மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தேன். டெஸ்டுக்காக அதை நிறுத்த வேண்டாம், எப்போதும் போலப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். இதைச் சொல்லக் காரணம் உண்டு. காத்திருப்பு வரிசையில் ஓர் அம்மா, டெஸ்ட் சரியாக வர வேண்டும் என்று தன் நரம்பு மாத்திரையை மூன்று நாளாகத் தானே நிறுத்திவிட்டுத் தூக்கமில்லாமல் வந்திருந்தார். அதைத் திடீரென்று நிறுத்துவது உடம்புக்கு ஆகாது. டாக்டரைக் கேட்காமல் எந்த மாத்திரையிலும் கை வைக்க வேண்டாம்.

டெஸ்ட் எடுக்கும் நரம்பு டாக்டரிடமும் முதல் நாளே பேசினேன். ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனதைத்தான் பேசினேன், வாய்வார்த்தையாகப் போனால் பாதி மறந்துவிடும். இடது கையை முதலில் பாருங்கள். வலது கையில் அந்தக் கேள்விக்கு வேண்டியதை மட்டும் பாருங்கள். ஏசியை அணைக்க வேண்டும். இடது கையை உயர்த்தினால் நிறுத்த வேண்டும். ஊசி வேண்டுமா என்பதை முதல் பகுதி முடிந்தபின் பேசி முடிவெடுப்போம்.

ஊசியைப் பற்றி அவர் சொன்னது எல்லோருக்கும் தெரிய வேண்டியது. என்.சி.எஸ். வேறு, ஈ.எம்.ஜி. வேறு. சீட்டில் சேர்த்தே எழுதுவதால் ஒரே டெஸ்ட் என்று நினைத்துவிடுகிறோம். என்.சி.எஸ்.ஸில் தோலின் மேலிருந்து மின்துடிப்பு, ஊசி கிடையாது. ஈ.எம்.ஜி.யில் மெல்லிய ஊசி சதைக்குள் போகும். ஆனால் அதில் கரண்ட் கொடுப்பதில்லை, சதையில் இயல்பாக எழும் மின்னோட்டத்தைக் கேட்கிறார்கள். ஸ்பீக்கரில் மழை பெய்வது போலச் சத்தம் வருமே, அதுதான். நரம்பு இழை செத்திருக்கிறதா, சதைக்கு நரம்போடு இருக்கும் தொடர்பு அறுந்திருக்கிறதா என்பதை ஊசிதான் சொல்லும். அதுவும் காயம் பட்டு இரண்டு மூன்று வாரம் ஆன பிறகுதான் அந்த அடையாளங்கள் சதையில் தெரியும். அவசரப்பட்டு முதல் வாரத்திலேயே குத்தினால் ஒன்றும் இல்லை என்று வரக்கூடும். கட்டைவிரல் மேட்டுச் சதை, ஊசி போட மிகவும் வலிக்கும் இடங்களில் ஒன்று என்று அவரே ஒப்புக்கொண்டார். கரண்ட் டெஸ்டில் அலையின் உயரம் நன்றாக இருந்தால் ஊசி தேவைப்படாது என்றார்.

டெஸ்ட் அன்று காலை கையில் எண்ணெய், தைலம் எதுவும் தடவவில்லை. தடவினால் மின்வில்லை தோலில் ஒட்டாது; ஒட்டாவிட்டால் கரண்டைக் கூட்ட வேண்டிவரும், வலியும் கூடும். வளையல், மோதிரம் எல்லாம் வீட்டிலேயே கழற்றிவிட்டேன். அக்கினி நட்சத்திரம் தொடங்கிய சமயம். வெளியே தார் உருகுகிறது, நான் ஸ்வெட்டர் கையுறையோடு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். பஸ்ஸில் எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

அங்கே ஒரு வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்திருந்தார்கள். பத்து நிமிடம் கையை முக்கி வைத்தேன். துடைக்க வந்த பெண்ணிடம் நானே துடைத்துக்கொள்கிறேன் என்றேன். எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தலாம் என்று எனக்குத்தான் தெரியும். தோலில் ஒரு சின்ன வெப்பமானியை ஒட்டி 33 டிகிரி என்று எழுதிக்கொண்டார்கள். அந்த எண்ணைப் பார்த்ததும் பாதி பயம் போய்விட்டது.

இடது கை முதலில். அதில் பார்த்ததால் அடுத்தது என்ன என்று உடம்புக்கே தெரிந்துவிட்டது. வலது கைக்கு வந்ததும் விரலில் போடும் வளையத்தை என்னிடமே கொடுத்து மாட்டிக்கொள்ளச் சொன்னார். முதலில் மோதிர விரலைப் பார்த்தார். காரணம் கேட்டேன். அந்த விரலின் ஒரு பாதிக்கு மீடியன் நரம்பு, மறு பாதிக்கு அல்நார் நரம்பு. ஒரே விரல், ஒரே தூரம், ஒரே சூடு. இரண்டு வழியாகவும் செய்தி அனுப்பினால் எது பிந்தி வருகிறது என்று நேருக்கு நேர் தெரிந்துவிடும். கை குளிர்ந்திருந்தால்கூட இரண்டும் சேர்ந்தேதான் பிந்தும் என்பதால் ஏமாற்றாது. உணர்ச்சி நரம்புக்குக் கொடுக்கும் கரண்டும் குறைவு. இவ்வளவு எளிமையான ஒரு வழி இருக்கும்போது பிப்ரவரியில் ஏன் என் காலில் கரண்ட் வைத்தார்கள் என்று நினைத்தேன். கோபம் வந்தது. இன்னும் இருக்கிறது.

அதன் பிறகு கட்டைவிரல் மேட்டுக்குப் போகும் இயக்க நரம்பு. இதில்தான் கரண்டைப் படிப்படியாக ஏற்றுவார்கள். இனி ஏற்றினாலும் அலை பெரிதாகாது என்ற இடம் வரை ஏற்றினால்தான் கணக்கு சரியாக வரும். ஒவ்வொரு துடிப்பும் நொடியில் பத்தாயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு நேரம்தான்; ஆனால் என் கைக்கு அது தெரியாது. இரண்டு முறை இடது கையை உயர்த்தினேன். இரண்டு முறையும் நிறுத்தினார்கள். நிறுத்துவார்கள் என்று தெரிந்ததால்தான் மூன்றாவது முறை தாங்க முடிந்தது. மொத்தம் இருபது நிமிடம்.

வலது கையில் மணிக்கட்டிலிருந்து கட்டைவிரல் மேட்டுக்குச் செய்தி போய்ச் சேர 5.8 மில்லி நொடி. இடது கையில் 3.4. அல்நார் நரம்பு இரண்டு கையிலும் சரியாக இருந்தது. முதல் ரிப்போர்ட் சொன்னது போல எல்லா நரம்பிலும் வேகம் குறையவில்லை என்று அதிலேயே தெரிந்துவிட்டது. அலையின் உயரம் நன்றாக இருந்தது. அழுத்தம் நிஜம், ஆனால் இழைகள் இன்னும் சாகவில்லை. "ஊசி வேண்டாம் டீச்சர், போய்ட்டு வாங்க" என்றார்.

அன்று இரவு எரிச்சல் கிளம்பத்தான் செய்தது. இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் இந்த முறை ஐந்து நாளில் இறங்கியது. எழுதி வாங்கிய திட்டப்படி மாத்திரையைக் கூட்டினோம். கையைச் சும்மா போட்டு வைக்காமல் பிசியோ சொல்லிக் கொடுத்த அசைவுகளைப் பாதி அளவில் செய்தேன். வலிக்கு ஒரு காரணம் தெரிந்திருந்ததும், முடிவு எனக்குப் பயன்படப் போகிறது என்ற எண்ணமும் உதவின என்றுதான் நம்புகிறேன்.

எனக்குப் பொருந்தாத, ஆனால் மற்றவர்களுக்கு முக்கியமான சில விஷயங்களைக் காத்திருப்பு வரிசைகளில் கற்றேன். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஊசி டெஸ்டுக்கு முன் கட்டாயம் சொல்ல வேண்டும்; சதைக்குள் ரத்தம் கட்டலாம். அதற்காக மாத்திரையைத் தாங்களே நிறுத்துவது அதைவிட ஆபத்து. பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்குச் சாதாரண என்.சி.எஸ். பெரும்பாலும் செய்கிறார்கள், ஆனால் முன்பே தெரிந்தால்தான் கவனமாக இருப்பார்கள். மார்பகப் புற்றுநோய்க்கு அக்குளில் நெறிக்கட்டி எடுத்து, கை வீங்கியிருப்பவர்கள் அந்தக் கையில் ஊசி அவசியம்தானா என்று கேட்க வேண்டும். நெஞ்சுக்கூட்டை ஒட்டிய சதைகளில் ஊசி போட்டால் அரிதாக நுரையீரலைச் சுற்றிக் காற்று புகலாம். போட்ட பிறகு மூச்சு வாங்கினால் வீட்டில் காத்திருக்கக் கூடாது.

இன்னொன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். என்னோடு வேலை செய்யும் கணக்கு ஆசிரியை ஒருவருக்குச் சர்க்கரை நோய். இரண்டு பாதமும் எரியும். நரம்பு டெஸ்ட் எடுத்தார், 'நார்மல்' என்று வந்தது. அதற்குப் பிறகு வீட்டில், "ரிப்போர்ட்டே ஒண்ணுமில்லன்னு சொல்லுது, நீயா நினைச்சுக்கிற" என்று ஆரம்பித்துவிட்டார்கள். அவர் என்னிடம் சொல்லி அழுதபோது எனக்கு இந்த விஷயம் தெரிந்திருந்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று! என்.சி.எஸ். பார்ப்பது உறை போர்த்திய பெரிய இழைகளை மட்டும்தான். எரிச்சலையும் சூட்டையும் மூளைக்குக் கொண்டு போவது மெல்லிய சின்ன இழைகள். அவை அந்த மெஷினில் தெரியவே தெரியாது. அவற்றைப் பார்க்க வேண்டுமானால் 3 மி.மீ. அகலத்துக்குத் தோலில் ஒரு துளி எடுத்து நுண்ணோக்கியில் இழைகளை எண்ணுகிற முறை போன்ற வேறு டெஸ்டுகள் உண்டு. டெஸ்ட் 'நார்மல்' என்றால் பெரிய இழைகள் நார்மல் என்றுதான் பொருள். இந்த வரியை ஒரு தாளில் எழுதி அவர் கணவரிடம் காட்டச் சொன்னேன். காட்டினாராம். வீட்டில் பேச்சு நின்றது. இப்போது வேறு டாக்டரிடம் போகிறார்கள்.

மே கடைசியில் எனக்கு ஆபரேஷன். கை முழுவதும் நரம்புத் தடுப்பு ஊசி போட்டு, வலி டாக்டரும் சர்ஜனும் சேர்ந்து திட்டமிட்டுச் செய்தார்கள். மூன்று விரல் மரத்துப்போவது இரண்டு வாரத்தில் நின்றுவிட்டது. ராத்திரி இரண்டு மணிக்கு எழாமல் விடியும் வரை தூங்கிய முதல் நாளை மறக்க மாட்டேன். எரிச்சல் அப்படிப் போய்விடவில்லை. அது வேறு நோய், அதற்கு வேறு பாதை. நல்ல கையின் பிம்பத்தைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே அசைக்கும் கண்ணாடிப் பயிற்சி, பிசியோ, மாத்திரை என்று அது மாதக்கணக்கில் மெல்ல மெல்ல இறங்கியது. இன்றும் ஏசி பஸ்ஸில் கையை முந்தானைக்குள் சுற்றிக்கொள்கிறேன். ஆனால் இருபது நிமிடம் தொடர்ந்து போர்டில் எழுத முடிகிறது.

இரண்டு ரிப்போர்ட்டையும் ஒரே கோப்பில் வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் சர்ஜனைப் பார்க்கப் போக வேண்டும். மறுபடி ஒரு டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாமா என்று போன முறையே பேச்சு வந்தது. கட்டைவிரல் பலம் நன்றாகத்தான் இருக்கிறது, மரத்துப்போவதும் இல்லை. இதற்கு மேல் அந்த டெஸ்ட் எதை மாற்றும் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இப்போதைக்கு எதையும் மாத்தாது" என்றார். சீட்டில் எழுத ஆரம்பித்ததை அவரே அடித்துவிட்டார்.